ஏழு திரையும் ஓர் அடுப்பும்

தை மாதம். இன்னும் பொழுது புலரவில்லை. பனி கொட்டுகிறது.

வடலூர்ப் பெருவெளியில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். கைக்குழந்தையோடு தாய்மார்கள் நிற்கிறார்கள். தடியூன்றி வந்த கிழவர்கள் நிற்கிறார்கள். நெய்வேலியில் இரவு வேலை முடிந்து, வீட்டுக்குப் போகாமல் நேரே வந்த தொழிலாளிகளும் நிற்கிறார்கள்.

எல்லோருடைய கண்ணும் ஒரே பக்கம் பார்க்கிறது.

அங்கே சத்திய ஞான சபை. உள்ளே ஒரு விளக்கு எரிகிறது. அதை ஏழு திரைகள் மறைத்துக் கொண்டிருக்கின்றன.

தைப்பூசத்தன்று அந்த ஏழு திரைகளையும் ஒன்றன் பின் ஒன்றாக விலக்குவார்கள். விளக்கின் ஒளி தெரியும். அந்த நாளில் ஆறு முறை ஜோதி தரிசனம் நடக்கும். ஒவ்வொரு முறையும் சிறிது நேரம்தான். பிறகு திரை மூடிவிடும்.

அந்தச் சிறிது நேரத்துக்காகத்தான் இத்தனை கூட்டம்!

ஆனால் அந்த நேரத்தில் என்ன நடக்கிறது தெரியுமா?

ஒருவர் கழற்றிப் போட்ட செருப்பை நினைக்கிறார். ஒருவர் ஊருக்குத் திரும்பும் பஸ்ஸை நினைக்கிறார். ஒருவர் செல்போனைத் தூக்கிப் படம் பிடிக்கப் பார்க்கிறார். அதற்குள் திரை மூடிவிடுகிறது!

கண் பார்த்தது. மனம் பார்க்கவில்லை.

இது வடலூரில் மட்டும் நடப்பதா? இல்லை. நம் வீட்டில் தினமும் நடக்கிறது. குழந்தை பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்கிறது. அப்பா "உம்" கொட்டுகிறார். அவர் மனம் கடன்காரனிடம் இருக்கிறது. அம்மா சாப்பாடு போடுகிறாள். அவள் மனம் நாளைய அரிசியில் இருக்கிறது. எல்லோரும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கிறார்கள். ஆனால் மனம் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டது.

இந்த நோய்க்கு வடலூரில் ஒரு மருந்து இருக்கிறது. அதைச் சொன்னவர் வள்ளலார் என்று நாம் அழைக்கும் இராமலிங்க அடிகளார்.

கண்ணாடி முன் ஒரு சிறுவன்

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் மருதூர் என்று ஒரு சிற்றூர். அங்கே 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் வள்ளலார் பிறந்தார். தகப்பனார் இராமையா பிள்ளை. தாயார் சின்னம்மை. ஐந்தாவது குழந்தை அவர்.

குழந்தை பிறந்த சில மாதங்களில் தகப்பனார் இறந்து போனார். தாயார் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீடு போனார். பிறகு குடும்பம் சென்னைக்கு வந்தது. ஏழுகிணறு பகுதியில் குடியிருந்தார்கள்.

மூத்த அண்ணன் சபாபதி பிள்ளை. புராணப் பிரசங்கம் செய்து குடும்பத்தைக் காப்பாற்றியவர் அவர். தம்பி படித்து முன்னுக்கு வரவேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆனால் தம்பி பள்ளிக்கூடம் போகவில்லை. கந்தகோட்டம் போய்ப் பாடிக்கொண்டு நின்றான்.

அண்ணனுக்குக் கோபம் வந்தது. "இவனுக்கு வீட்டில் சோறு போடாதே" என்று மனைவிக்கு உத்தரவு போட்டுவிட்டார்.

அண்ணியார் பாப்பாத்தி அம்மாள் என்ன செய்தார்? புருஷனுக்குத் தெரியாமல் கொல்லைப்புற வழியாகப் பையனைக் கூப்பிட்டுச் சோறு போட்டார்!

ஒரு நாள் வீட்டில் திவசம். உறவினர்கள் வந்து உண்டு போனார்கள். இவன் மட்டும் கொல்லைப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டான். அதைப் பார்த்த அண்ணியார் கண் கலங்கினார். அந்தக் கண்ணீரைப் பையன் பார்த்தான். "எனக்கு ஓர் அறை கொடுங்கள். நான் வீட்டிலிருந்தே படிக்கிறேன்" என்றான்.

மாடியில் ஓர் அறை கிடைத்தது. பையன் கேட்டது என்ன? ஒரு விளக்கு. ஒரு கண்ணாடி!

கண்ணாடியைச் சுவரில் மாட்டினான். முன்னால் விளக்கை ஏற்றினான். பூ வைத்தான். கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்தான். அந்தக் கண்ணாடியில் முருகனைக் கண்டான் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

கண்ணாடியில் நாமும் தினமும் பார்க்கிறோம். தலை கலைந்திருக்கிறதா, பொட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். அந்தப் பையன் அதற்கு மேலே எதையோ பார்த்தான்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று அந்தக் கண்ணாடி. இன்னொன்று அண்ணியார் போட்ட சோறு. தன்னைப் பார்ப்பது எப்படி என்று கண்ணாடி முன் கற்றான். பிறர் பசியைப் பார்ப்பது எப்படி என்று கொல்லைப்புறத்தில் கற்றான். பின்னாளில் வடலூரில் அவர் கட்டியதும் இந்த இரண்டைத்தான்!

தண்ணீரில் எரிந்த விளக்கு

1858-ஆம் ஆண்டு வள்ளலார் சென்னையை விட்டுப் புறப்பட்டார். வடலூருக்குப் பக்கத்தில் உள்ள கருங்குழி என்ற ஊருக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஒரு ரெட்டியார் வீட்டில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் தங்கினார்.

அந்த ஊரில் ஒரு கதை சொல்வார்கள்.

இரவு முழுவதும் விளக்கை வைத்துக்கொண்டு எழுதுவது வள்ளலார் வழக்கம். ஒரு நாள் வீட்டு அம்மாள் வெளியூர் போய்விட்டார். எண்ணெய்க் கலயம் வைக்கும் இடத்தில், பழக்குவதற்காகத் தண்ணீர் ஊற்றிய புதுக் கலயம் இருந்தது. விளக்கு மங்கும்போதெல்லாம் வள்ளலார் கையை நீட்டிக் கலயத்தை எடுத்து ஊற்றினார். விடிய விடிய எழுதினார். காலையில் பார்த்தால் ஊற்றியது எண்ணெய் இல்லை, தண்ணீர்! விளக்கு விடிய விடிய எரிந்திருக்கிறது.

இதை அற்புதம் என்று கும்பிடுகிறவர்கள் உண்டு. எப்படி எரியும் என்று கேட்கிறவர்களும் உண்டு. இரண்டு பேருமே கதையில் ஒன்றைக் கவனிக்கலாம். கையில் எடுத்த கலயத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாத அளவுக்கு ஒரு மனிதர் தம் வேலையில் மூழ்கியிருந்தார்! நேற்று நடந்தது அவர் நினைவில் இல்லை. நாளை நடக்கப் போவது அவர் நினைவில் இல்லை. அவரும் எழுத்தும்தான் இருந்தார்கள்.

நாம் ஒரு கடுதாசி எழுத உட்கார்ந்தால் எத்தனை தடவை எழுந்திருக்கிறோம்?

பசியை உற்றுப் பார்த்தவர்

தனியறை, விளக்கு, எழுத்து. இதோடு அவர் நின்றிருக்கலாம். நாடு அவரைப் பெரிய புலவர் என்று போற்றியிருக்கும். அவர் நிற்கவில்லை. வெளியே வந்தார்.

வெளியே அவர் கண்டது என்ன? பசி!

அவருடைய "ஜீவகாருண்ய ஒழுக்கம்" என்ற நூலில் பசியைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு வைத்தியர் நோயைச் சொல்வதுபோல் சொல்லியிருக்கிறார். பசி வந்தால் அறிவு எப்படி மயங்குகிறது, கண் எப்படி ஒளி இழக்கிறது, காது எப்படி அடைக்கிறது, கை கால் எப்படிச் சோர்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். பிறகு அதே மனிதனுக்குச் சோறு கிடைத்தால் முகம் எப்படித் தெளிகிறது, உள்ளம் எப்படிக் குளிர்கிறது என்றும் சொல்கிறார்.

பசித்தவன் முகத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவரால்தான் இப்படி எழுத முடியும். தெருவில் போகிற போக்கில் பார்த்தவரால் முடியாது.

1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச் சாலையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 43. வடலூர் மக்கள் அதற்கு நிலம் கொடுத்தார்கள். சாதி கேட்கக் கூடாது, மதம் கேட்கக் கூடாது, ஊர் கேட்கக் கூடாது. பசி என்று வந்தால் சோறு போட வேண்டும். இதுதான் சட்டம்.

அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது! சுமார் 21 அடி நீளமுள்ள பெரிய அடுப்பு. அணையா அடுப்பு என்று அதற்குப் பெயர். தினமும் மூன்று வேளையும் அங்கே சாப்பாடு போடுகிறார்கள். ஊர் ஊராக அரிசியும் பருப்பும் காய்கறியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகின்றன.

பத்து ஆண்டு கூட ஆகவில்லை. 1876-இல் சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் பிடித்தது. அது 1878 வரை நீடித்தது. இலட்சக்கணக்கான மக்கள் மாண்டார்கள். பஞ்சம் வருவதற்கு முன்பே வடலூரில் அடுப்பு தயாராக இருந்தது.

எட்டு மூலைச் சபை

சாலைக்கு அடுத்தபடி சபை. 1871-இல் வேலை தொடங்கியது. 1872-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள் தைப்பூசத்தன்று அங்கே முதல் வழிபாடு நடந்தது.

எட்டுக் கோணமான கட்டடம். உள்ளே சிலை இல்லை. விளக்குதான் தெய்வம். விளக்குக்கு முன்னால் ஒரு கண்ணாடி! சென்னை மாடி அறையில் சிறுவன் வைத்த கண்ணாடி நினைவுக்கு வருகிறதா?

அதற்கு முன்னால் ஏழு திரைகள். கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை ஆகிய ஆறும் தனித்தனி நிறம். ஏழாவது, எல்லாம் கலந்த கலப்பு நிறம். ஒவ்வொரு திரைக்கும் ஒரு சக்தியின் பெயர் உண்டு. மாதந்தோறும் பூச நாளில் ஆறு திரைகளை விலக்குவார்கள். தைப்பூசத்தில் மட்டும் ஏழும் விலகும்.

இந்த விளக்கைத் துடைத்து வைக்க யாருக்கு உரிமை என்றும் வள்ளலார் எழுதி வைத்தார். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட சிறுவர்கள். இல்லாவிட்டால் எழுபத்திரண்டு வயதுக்கு மேற்பட்ட பெரியவர்கள். ஆசை தொடங்காத வயது, ஆசை அடங்கிய வயது என்று இதற்குப் பொருள் சொல்லலாம்.

திரை துணியாலானது. ஆனால் அவர் சொன்னது துணியைப் பற்றி அல்ல. நம் அறிவை மறைக்கும் திரைகள் நமக்குள்ளேயே இருக்கின்றன என்றார். சபையில் இருப்பது அதற்கு ஓர் அடையாளம். சிறு பிள்ளைக்குக் கூடப் புரியட்டும் என்று கட்டிடமாகவே கட்டிக் காட்டினார்!

விசாரம் என்றால் என்ன?

சரி, உள்ளே இருக்கும் திரையை எப்படி விலக்குவது?

1873-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள். மேட்டுக்குப்பம் என்ற ஊரில், சித்திவளாகம் என்று அவர் பெயரிட்ட வீட்டின் முன் கொடி ஏற்றினார். வெள்ளையும் மஞ்சளும் கலந்த கொடி. கூடியிருந்த மக்களிடம் நெடுநேரம் பேசினார். அந்தப் பேச்சுக்குப் பேருபதேசம் என்று பெயர்.

பேச்சின் தொடக்கமே காலத்தைப் பற்றியதுதான். இதுவரை வீணாகப் போக்கியது போதும், இனிமேலாவது வீணாக்காதீர்கள் என்ற கருத்தில் தொடங்கினார்.

வீணாக்காமல் என்ன செய்வது? விசாரம் செய்யுங்கள் என்றார்.

விசாரம் என்றால் இன்று நாம் கவலை என்று எண்ணுகிறோம். "என்னய்யா விசாரமாக இருக்கிறீர்?" என்று கேட்கிறோம். வள்ளலார் சொன்ன விசாரம் அது அல்ல. தன்னைத் தானே விசாரிப்பது. என் நிலை என்ன, என்னை நடத்தும் பெரும்பொருளின் நிலை என்ன என்று கேட்பது.

கவலைக்கும் விசாரத்துக்கும் என்ன வித்தியாசம்? கவலை நாளைக்கு ஓடும். இல்லாவிட்டால் நேற்றுக்கு ஓடும். விசாரம் இன்றைக்குள் உட்காரும். கவலைப்படுகிறவன் "எனக்கு என்ன ஆகுமோ?" என்று கேட்பான். விசாரம் செய்கிறவன் "நான் இப்போது என்ன செய்கிறேன்?" என்று கேட்பான்.

பச்சைத் திரையை ஆசை என்று வள்ளலார் அந்தப் பேச்சில் விளக்கினார். அதை நீக்க ஒரு சூடு வேண்டும் என்றார். அந்தச் சூட்டைத் தேடி யோகிகள் காட்டுக்கும் மலைக்கும் குகைக்கும் போனார்கள். விசாரத்தில் அதைவிடப் பல கோடி மடங்கு சூடு உண்டு என்பது அவர் கருத்து.

குடும்பஸ்தனுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்! பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டுக் காட்டுக்குப் போக வேண்டியது இல்லை. இருந்த இடத்திலேயே இருக்கலாம்.

பசியோடு இரு, தனித்து இரு, விழிப்போடு இரு என்று பொருள்படும் மூன்று சொற்கள் வள்ளலார் வழியில் புகழ் பெற்றவை. அவற்றில் மூன்றாவதுதான் கடினம். பட்டினி கிடக்கலாம். தனியறையில் உட்காரலாம். ஆனால் விழித்திருப்பது எப்படி? கண் விழித்துக்கொண்டே தூங்குகிறவர்கள்தானே நம்மில் அதிகம்!

மண்ணை அள்ளினால்தான் நிலக்கரி

வடலூருக்கு அடுத்தாற்போல் நெய்வேலி. வள்ளலார் இந்த வட்டாரத்தில் நடந்தபோது, பக்கத்து மண்ணுக்கு அடியில் ஒரு புதையல் இருப்பது யாருக்கும் தெரியாது.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டினார். கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி! 1956-இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957-இல் பிரதமர் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-இல் முதல் நிலக்கரி வெளியே வந்தது.

இடையில் ஏன் நான்கு ஆண்டுகள்? மேலே கிடந்த மண்ணை அகற்றத்தான்! நிலக்கரிக்கு மேல் இரண்டு பனை உயரத்துக்கு மண் மூடிக் கிடந்தது. அதை அள்ளிக் கொட்டாமல் அடியில் இருப்பதை எடுக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. இராட்சதக் குழாய்கள் வைத்து இரவு பகலாக அதை இறைக்கிறார்கள். இறைப்பதை நிறுத்தினால் சுரங்கத்துக்குள் தண்ணீர் பொங்கிவிடும்.

சுரங்கத்தில் வேலை செய்கிறவருக்கு வள்ளலார் சொன்னதைப் புரிய வைப்பது சுலபம். மேல் மண்ணை நீக்கினால்தான் உள்ளே இருப்பது தெரியும். ஒரு நாள் நீக்கிவிட்டு "போதும்" என்று உட்காரவும் முடியாது. தினமும் இறைக்க வேண்டும். மனமும் அப்படித்தான். நேற்று அடக்கிய கோபம் இன்று மறுபடியும் ஊறும்.

மற்ற ஊர்களிலும் இதே மருந்து

தமிழ்நாட்டில் இன்னொருவரும் இந்த வழியைச் சொன்னார். அவர் ரமண மகரிஷி. 1896-ஆம் ஆண்டு, பதினாறு வயதில் வீட்டை விட்டுத் திருவண்ணாமலை வந்தவர். "நான் யார்?" என்று கேள் என்பதுதான் அவர் கொடுத்த பாடம்.

அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்கிளின் என்று ஒரு பெரியவர். இடிதாங்கியைக் கண்டுபிடித்தவர். அவர் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். பதின்மூன்று நற்குணங்களை அதில் எழுதினார். வாரம் ஒரு குணத்தை முக்கியமாக எடுத்துக்கொள்வார். தவறு செய்த இடத்தில் ஒரு கரும்புள்ளி வைப்பார். "நான் முழுமை அடையவில்லை. ஆனால் முயற்சி செய்ததால் முன்னைவிட நல்லவன் ஆனேன்" என்ற கருத்தில் முதுமையில் எழுதினார்.

அதே அமெரிக்காவில், 1979-ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-ஸின் என்பவர் ஒரு பயிற்சியைத் தொடங்கினார். தீராத வலியாலும் மன அழுத்தத்தாலும் தவித்த நோயாளிகளுக்கு எட்டு வாரப் பயிற்சி. அதில் ஒரு பாடம் வேடிக்கையானது. கையில் ஓர் உலர்ந்த திராட்சையைக் கொடுப்பார்கள். அதை உற்றுப் பார்க்க வேண்டும். முகர வேண்டும். வாயில் போட்டு மெதுவாக மெல்ல வேண்டும். செய்யும் வேலையில் முழு மனத்தையும் வைக்கும் பழக்கத்துக்கு அதுதான் முதல் படி!

இதைக் கேட்டால் வடலூர்க்காரர் சிரிப்பார். ஏன்? சாப்பிடும் விதத்தைப் பற்றி வள்ளலாரே ஒரு நூற்றாண்டுக்கு முன்பு எழுதி வைத்துவிட்டார்.

வீட்டுக்கு மூன்று காரியம்

அன்றாடம் எப்படி வாழ வேண்டும் என்று வள்ளலார் சில விதிகள் எழுதினார். நித்திய கரும விதி என்று அதற்குப் பெயர். அதில் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. பல் துலக்குவதிலிருந்து படுப்பது வரை சொல்லியிருக்கிறார். அவற்றை ஒட்டி மூன்று காரியங்களை எந்த வீட்டிலும் செய்யலாம்.

முதல் காரியம்: சூரியன் உதிக்கும் முன் எழுந்து சிறிது நேரம் சும்மா உட்காருவது. எழுந்ததும் ஓடக் கூடாது. கடவுளை நினைக்கிறவர்கள் நினைக்கலாம். அந்த நேரத்தில் கைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும்.

இரண்டாவது காரியம்: சாப்பிடும்போது சாப்பிடுவது. அவசரமாக விழுங்கவும் வேண்டாம், ஆற அமர இழுக்கவும் வேண்டாம் என்கிறார் வள்ளலார். உரக்கப் பேசக் கூடாது, வேகமாக ஓடி நடக்கக் கூடாது என்றும் சொல்கிறார். ஏன்? வேகமாக ஓடுகிறவன் கண்ணுக்கு எதிரே இருப்பது தெரியாது.

மூன்றாவது காரியம்: படுக்கும் முன் தன்னை விசாரிப்பது. இன்று யார் முகத்தை நான் பார்க்கவில்லை? யார் சொன்னதை நான் கேட்கவில்லை? யார் மீது வீணாக எரிந்து விழுந்தேன்? மூன்று கேள்வி போதும். பதிலை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

"வேலைக்குப் போகிறவனுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இதற்குத் தனியாக நேரம் அதிகம் வேண்டாம். சாப்பிடுகிற நேரம் எப்படியும் சாப்பிடுகிற நேரம்தான். பிள்ளையோடு பேசுகிற நேரம் எப்படியும் போகத்தான் போகிறது. அந்த நேரத்தில் மனமும் கூட இருக்க வேண்டும். அவ்வளவுதான்!

இன்னொரு கேள்வியும் உண்டு. "எப்போதும் தன்னையே பார்த்துக் கொண்டிருந்தால், அது சுயநலம் ஆகிவிடாதா?" என்று சிலர் கேட்பார்கள்.

ஆகலாம். கண்ணாடி முன்னாலேயே நின்றுவிட்டால் ஆகலாம். அதனால்தான் வடலூரில் சபை மட்டும் இல்லை, சாலையும் இருக்கிறது! தன்னை விசாரித்தவன் அடுத்தபடி அடுத்தவனை விசாரிக்க வேண்டும். "சாப்பிட்டாயா?" என்று கேட்க வேண்டும். விசாரம் சரியாக நடந்ததா என்பதற்கு அதுதான் பரீட்சை.

பூட்டிய கதவு

1874-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள். மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் தம் அறைக்குள் வள்ளலார் போனார். கதவைச் சாத்தச் சொன்னார். அதன் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

அவர் ஒளியில் கலந்தார் என்பது அன்பர்கள் நம்பிக்கை. 1878-இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்டக் கையேட்டில் கார்ஸ்டின் என்ற வெள்ளைக்கார அதிகாரியும் இந்தச் செய்தியை எழுதி வைத்திருக்கிறார். அந்த அறைக்குள் என்ன நடந்தது என்று இன்றைக்கும் மக்கள் பேசுகிறார்கள்.

ஆனால் அறைக்குள் போவதற்குச் சில மாதங்களுக்கு முன் அவர் செய்த காரியத்தை அவ்வளவாகப் பேசுவதில்லை. உள்ளே எரிந்துகொண்டிருந்த தம் விளக்கை எடுத்து வந்து வெளியே வைத்தார். இதைப் பார்த்து வழிபட்டு வாருங்கள் என்று சொன்னார். கதவு மூடிக்கொண்டது. விளக்கு வெளியே இருந்தது!

கடை விரித்தேன், வாங்குவார் இல்லை என்ற கருத்தில் கடைசிக் காலத்தில் அவர் வருந்தினார் என்று சொல்வார்கள். சரக்கு பழுது இல்லை. வாங்க வந்தவர்கள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் பிறந்த அக்டோபர் 5-ஐத் தனிப்பெருங்கருணை நாள் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவித்தது. நல்லதுதான். ஆனால் கருணைக்கு ஆண்டில் ஒரு நாள் போதுமா?

தைப்பூசக் கூட்டத்தில் ஜோதி பார்த்தவர்கள் அடுத்துப் போவது தருமச் சாலைக்கு. வரிசையாக உட்காருகிறார்கள். சோறு விழுகிறது. பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார், என்ன சாதி, எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை.

அங்கே ஒரு நிமிஷம் நிமிர்ந்து எதிர் வரிசையைப் பாருங்கள். பசியோடு வந்த ஒரு கிழவர் முதல் கவளத்தை வாயில் வைக்கிறார். அவர் முகம் தெளிகிறது.

சபையில் சிறிது நேரம் தெரிந்த ஒளி, அங்கே மறுபடியும் தெரியும். அதற்கு முன்னால் திரை எதுவும் இல்லை. பார்க்கிறவர் அங்கே இருந்தால் போதும்!